செம்புப் பானையும் வரிக்காரரும்: ஸ்காட்லாந்து பயணக் குறிப்புகள்

2019 மே 7, செவ்வாய் – நியூபர்க், டால்வின்னி

எடின்பரோ ஏர்போர்ட்டுக்கு அண்ணனே கார் எடுத்துட்டு வந்துட்டாரு. அபர்டீன்ல எண்ணெய்க் கம்பெனி வேலை அவருக்கு, ரொம்ப வருஷமா வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கறவ, காய்ச்சி வடித்தல் பாடத்தை வருஷா வருஷம் கண்ணாடிக் குடுவையும் ரப்பர் ட்யூபும் வச்சு நடத்தறவ, அதனால வந்தா கோட்டை ஏரியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், விஸ்கி காய்ச்சற இடமா காட்டுங்கண்ணேன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். நான் குடிக்கறதில்ல. அந்தச் செம்புக் கலனைக் கிட்ட நின்னு பாக்கணும், எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

முதல்ல நியூபர்க். டே ஆத்தோரம் சின்ன ஊரு. லிண்டோரஸ் மடத்தோட இடிஞ்ச செவப்புக் கல் சுவரு நிக்குது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது டிஸ்டிலரி. 1494ல நாலாம் ஜேம்ஸ் ராஜா உத்தரவுப்படி ஜான் கோர்ங்கற துறவிக்கு ‘அக்வா விட்டே’ங்கற சாராயம் காய்ச்ச எட்டு ‘போல்’ (அந்தக் காலத் தானிய அளவு) மால்ட், அதாவது முளைகட்டிக் காயவச்ச பார்லி, குடுத்ததா ஒரு வரி இருக்கு, ஸ்காட்லாந்துல விஸ்கி பத்திக் கிடைச்ச முதல் எழுத்து அதுதான். அது எதுல இருக்குன்னு பாருங்க, ராஜாவோட கஜானா கணக்குல! செய்முறை எழுதின ஓலையோ பாட்டோ எதுவும் கிடையாது, வரவு செலவு எழுதின கணக்குப்பிள்ளையால தான் நமக்கு அந்தத் துறவி பேரே தெரியுது. சுத்திக் காட்டின பொண்ணு இதைச் சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுச்சு, எனக்கு அங்கயே நின்னு இன்னும் கொஞ்சம் கேக்கணும் போல இருந்துச்சு. இந்தப் பயணம் முழுக்க எந்தச் சாமானைத் தொட்டாலும் பின்னாடி ஒரு கணக்குப்பிள்ளை நிப்பாருன்னு அப்ப தெரியல.

இன்னொரு விஷயம், நாங்க போனப்ப இங்க இன்னும் ‘விஸ்கி’ன்னு பேரு போட்டு ஒரு பாட்டில் கூட விக்க முடியல. காய்ச்ச ஆரம்பிச்சது 2017 கடைசில, சட்டப்படி ஓக் பீப்பாய்ல மூணு வருஷம் கிடந்தா தான் அந்தப் பேரு. 1915ல ரெண்டு வருஷம்னு சட்டம் வந்து, அடுத்த வருஷமே மூணு வருஷமாக்கிட்டாங்க. அதுவரைக்கும் மூலிகை போட்டு ஊற வச்ச அக்வா விட்டே வித்துட்டிருந்தாங்க.

அப்புறம் வடக்க ஏ9 ரோடு. மழை, வெயில், மறுபடி மழை. டால்வின்னி வந்து இறங்கினா காத்து ஆளைத் தள்ளுது, மே மாசத்துல 5 டிகிரி, மலை உச்சில பனி தெரியுது. பிரிட்டன்ல மனுஷங்க குடியிருக்கற ஊர்லயே ரொம்பக் குளிரான ஊர்கள்ல இது ஒண்ணாம். டிஸ்டிலரி முன்னாடியே ரோட்டைப் பாத்து ரெண்டு பெரிய மரத்தொட்டி. உள்ள செம்புக்குழாய் சுருள் சுருளா இறங்குது, மேல வர வர குழாய் அகலம், கீழ போகப் போக ஒடுக்கம், சுத்தி பச்சைத் தண்ணி. ஸ்டில்லுல, அதாவது காய்ச்சற செம்புக் கலன்ல இருந்து வர ஆவி இந்தச் சுருள்ல குளிர்ந்து சாராயமா இறங்குது. எல்லா இடத்துலயும் பழைய காலத்துல இதுதான், இப்ப பெரும்பாலான இடத்துல நேரா நிக்கற கண்டென்சர் வந்துடுச்சு.

டால்வின்னிலயும் 1986ல மாத்தினாங்க. மாத்தினா ருசி மாறிப் போச்சு. கண்டென்சர்ல ஆவி படற செம்புப் பரப்பு ரொம்ப அதிகம், அந்தச் செம்பு கந்தகச் சேர்மங்களை எல்லாம் பிடிச்சு வச்சுக்குது, சரக்கு லேசாயிடுச்சு. சுருள்ல செம்போட உறவாடற நேரம் குறைவு, கந்தகம் கொஞ்சம் தங்குது, பீப்பாய்ல வருஷக்கணக்கா கிடக்கறப்ப அதுதான் கனமான ருசியா மாறுதாம். 1995ல பழையபடி தொட்டியையும் சுருளையுமே கட்டிட்டாங்க! இவ்ளோ செலவு பண்ணிப் பின்னாடி போன இன்ஜினியரிங்கை நான் கேள்விப்பட்டதே இல்ல, தொட்டிப் பலகையைத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன், கை மரத்துப் போச்சு.

ராத்திரி டஃப்டவுன் வந்து சேர ஒன்பதரை, அப்பவும் வெளிச்சம் இருக்கு. புக் பண்ண கெஸ்ட் ஹவுஸ்ல எங்க ரூமை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. ஆனா அந்தம்மா நிக்க வச்சுப் பேசல, டீ குடுத்து உக்கார வச்சு, நாலு வீடு தள்ளி தெரிஞ்சவங்க வீட்டுல போன் பண்ணி இடம் பிடிச்சு, பெட்டியையும் அவங்களே தூக்கிட்டு வந்தாங்க.

மே 8, புதன் – கிளென்லிவெட், நாக்காண்டோ

காலைல ஓட்ஸ் கஞ்சி. உப்பு போட்டுத் தான் தந்தாங்க, பக்கத்துல தனியா ஒரு கிண்ணத்துல க்ரீம், ஒவ்வொரு கரண்டியையும் அதுல தொட்டுச் சாப்பிடணுமாம். குளிருக்கு அருமையா இருந்துச்சு.

கிளென்லிவெட் போற வழில ஜிபிஎஸ் ஒரு பண்ணைக்குள்ள கொண்டு போய் விட்டுடுச்சு, சிக்னலும் இல்ல, அந்த நேரம் பாத்து ஆலங்கட்டி மழை. ஒரு விவசாயி குவாட் பைக்ல நாயோட வந்தாரு, வழி சொன்னா உங்களுக்குப் புரியாது, பின்னாடி வாங்கன்னு சொல்லி மெயின் ரோடு வரைக்கும் முன்னாடி ஓட்டிட்டு வந்து, கையைத் தூக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அந்த மழைல!

இந்தப் பள்ளத்தாக்கைப் பாத்தாலே கள்ளச்சாராயம் ஏன் இங்க செழிச்சுதுன்னு புரிஞ்சுடும். எங்க பாத்தாலும் ஓடை, மறைவான மடிப்பு மடிப்பான குன்று, வெளியாளு வந்தா ரெண்டு மைல் முன்னாடியே தெரியும். 1644ல முதல் தடவை சாராயத்துக்கு வரி போட்டாங்க, 1725ல மால்ட்டுக்கு வரி ஏத்தினப்ப கிளாஸ்கோல கலவரமே நடந்துச்சு. 18ஆம் நூற்றாண்டு கடைசில தெக்க லோலண்ட்ஸ்ங்கற சமவெளிப் பக்கம் ஸ்டில் எவ்ளோ கொள்ளளவோ அதுக்குத் தகுந்த லைசென்ஸ் பணம்னு வச்சாங்க. உடனே அங்க இருந்தவங்க என்ன பண்ணாங்க, அகலமா தட்டையா தாம்பாளம் போல ஸ்டில் செஞ்சு, சில நிமிஷத்துல காய்ச்சி இறக்கி மறுபடி நிரப்பி, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஓட்டினாங்க. அவசரமா காய்ச்சினா கருகின வாடை. வடக்க மலைப்பக்கமான ஹைலண்ட்ஸ்ல திருட்டுத்தனமா சின்ன ஸ்டில்ல நிதானமா காய்ச்சின சரக்கு தான் நல்ல சரக்குன்னு ஆயிடுச்சு. 1822ல ராஜா நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்தப்பவே கேட்டு வாங்கிக் குடிச்சது கிளென்லிவெட் சரக்குதான்னு சொல்றாங்க, அது அன்னைக்குச் சட்டவிரோதம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தச் சுருள் குழாய் கதை. ஸ்டில்லுல சீக்கிரம் தேயறதும் விலை ஜாஸ்தியானதும் அதுதான். எங்கயாவது கள்ள ஸ்டில் இருக்குன்னு துப்பு குடுத்தா அதிகாரிங்க 5 பவுண்டு சன்மானம் தருவாங்க. அதனால சுருள் தேஞ்சு போனதும், மத்த சாமானை எல்லாம் எடுத்து ஒளிச்சுட்டு, தேஞ்ச சுருளை மட்டும் ஒரு குழில விட்டுட்டு, இவங்களே போய்த் துப்பு குடுத்து, அந்த 5 பவுண்டுல புதுச் சுருள் வாங்கிடுவாங்களாம். அண்ணன் கேட்டுட்டு காரை ஓரம் கட்டிச் சிரிச்சாரு.

1823 சட்டம் தான் எல்லாத்தையும் மாத்தினது. வரியைப் பாதிக்கும் மேல குறைச்சு, 10 பவுண்டுக்கு லைசென்ஸ், குறைஞ்சது 40 கேலன் ஸ்டில் இருக்கணும்னு வச்சாங்க. இந்தப் பக்கத்துல ஜார்ஜ் ஸ்மித் தான் முதல்ல 1824ல லைசென்ஸ் எடுத்தாரு. அக்கம்பக்கத்துல கள்ளத்தனமா காய்ச்சிட்டிருந்தவங்க டிஸ்டிலரியோட சேத்துக் கொளுத்திடுவோம்னு மிரட்டினதால, அபர்லவர் நிலக்கிழார் குடுத்த ரெண்டு கைத்துப்பாக்கியை இடுப்புல வச்சுக்கிட்டே தான் வருஷக்கணக்கா நடமாடியிருக்காரு. வரி கட்டறேன்னு சொன்னதுக்குத் துப்பாக்கி தேவைப்பட்ட காலம்!

மதியத்துக்கு மேல நாக்காண்டோல கார்டூ டிஸ்டிலரி. ஹெலன் கம்மிங்னு ஒரு அம்மா, 1811க்கு அப்புறம் புருஷனோட பண்ணை எடுத்து ரகசியமா காய்ச்சினவங்க. பக்கத்துல சத்திரம் கிடையாது, அதனால கலால் அதிகாரிங்க வந்தா இவங்க வீட்டுல தான் தங்குவாங்க. ஊறல் வாசனை தெரியாம இருக்க ரொட்டி சுடற மாதிரி காட்டிக்கிட்டு, அவங்களைச் சாப்பிட உக்கார வச்சுட்டு, கொல்லைப்பக்கம் போய் செவப்புக் கொடியை ஏத்திடுவாங்களாம், மலையடிவாரத்துல இருக்கற அத்தனை பேருக்கும் செய்தி போயிடும். இவங்க மருமகள் எலிசபெத் 1880கள்ல புது டிஸ்டிலரி கட்டி, பழைய ஸ்டில்லுங்களையும் ஆலையையும் வில்லியம் கிராண்ட்ங்கறவருக்கு 119 பவுண்டு 19 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வித்தாங்க. அந்த செகண்ட் ஹேண்ட் ஸ்டில்லுங்க தான் டஃப்டவுன்ல கிளென்ஃபிடிக் டிஸ்டிலரி ஆச்சு, 1887 கிறிஸ்துமஸ் அன்னைக்கு முதல் சொட்டு. மாமியார் மருமகள் ரெண்டு பேரும் இல்லாம இந்த ஊர் விஸ்கி சரித்திரம் நடந்திருக்காது, பாட்டில் மேல பேரு என்னவோ ஆம்பளைங்க பேரு தான்.

அண்ணன் எங்கயும் வாய்ல ஒரு சொட்டு வைக்கல. ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல இருந்து வண்டி ஓட்டறவங்களுக்கு 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் தான் வரம்பு, இங்கிலாந்துல 80. போற இடத்துல எல்லாம் டிரைவர்னு சொன்னா உடனே சின்ன பாட்டில்ல ஊத்தி ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துடறாங்க, யாரும் ‘ஒரு வாய் தானே’ன்னு வற்புறுத்தல. என் பங்கையும் அவருக்கே குடுத்துட்டேன்.

மே 9, வியாழன் – கிரெய்கல்லாகி

வெயில்! ரோட்டோரம் முழுக்க மஞ்சப் பூ பூத்த முள்ளுச்செடி, கோர்ஸ்னு பேரு, கிட்டப் போனா அப்படியே தேங்காய் வாசனை. ஸ்பே ஆத்து மேல தெல்ஃபோர்டுங்கற இன்ஜினியர் 1814ல கட்டின இரும்புப் பாலத்துல நடந்துட்டு ஸ்பேசைடு கூப்பரேஜ் போனோம். வருஷத்துக்கு லட்சத்துக்கு மேல பீப்பாய் பழுது பாக்கற இடம்.

மேல கண்ணாடி போட்ட பால்கனில நின்னு கீழ பாக்கணும். சத்தம் காதைப் பிளக்குது. பீப்பாய்க்குப் பசையும் கிடையாது ஆணியும் கிடையாது, வளைச்ச ஓக் பலகையை இரும்பு வளையம் இறுக்கிப் பிடிக்கறது தான், மூடிப் பலகை இடுக்குல காஞ்ச கோரை வச்சு அடைக்கறாங்க. கோரை! பாய் முடையற அதே ஜாதிப் புல்லு. கத்துக்க நாலு வருஷம் அப்ரண்டிஸ், அப்புறம் எத்தனை பீப்பாயோ அதுக்குத் தான் கூலி, அதனால யாரும் நிமிந்து பாக்கறதில்ல. நாங்க பாத்தப்ப ஒருத்தர் பழைய பலகை ஒண்ணை உருவிட்டு வேற ஒண்ணைச் செருகினாரு, ஒரு தடவை கண்ணால அளந்தாரு, அவ்ளோதான், டேப் எதுவும் எடுக்கல. மறுபடி தண்ணி ஊத்தி அழுத்தம் குடுத்துப் பாத்தா ஒரு சொட்டு கசியல.

பெரும்பாலும் அமெரிக்கால இருந்து வர பீப்பாய், 200 லிட்டர். அங்க போர்பன் விஸ்கியைப் புது ஓக்ல தான் வைக்கணும்னு சட்டம், ஒரு தடவைக்கு மேல அவங்களுக்கு உதவாது, அதனால இங்க வருது. ஸ்பெயின்ல இருந்து ஷெர்ரி ஒயின் வச்ச 500 லிட்டர் பீப்பாய் தனி, அது விலை பல மடங்கு. வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியா போயிடும், அந்த இழப்பைக் கூட கலால் ஆபீஸ்ல கணக்கு வச்சுத் தான் ஒத்துக்கறாங்க.

சாயங்காலம் ஒரு டிஸ்டிலரில புக் பண்ணியிருந்தோம், போனா மெயின்டனன்ஸ், ஸ்டில் ஓடல, இன்னைக்கு டூர் கிடையாதுன்னாங்க, மெயில் அனுப்பினோம்னு சொன்னாங்க, வரல. அண்ணனுக்குக் கோவம். எதிர்ல ஒரு சின்ன கடைல கல்லன் ஸ்கிங்க் சூப் சாப்பிட்டோம், புகை போட்ட ஹாடக் மீனு, உருளைக்கிழங்கு, பாலு, வெங்காயம், கூட தடியா ரெண்டு ரொட்டி, 6 பவுண்டு. ஒரு சொட்டு விடாம துடைச்சுச் சாப்பிட்டதும் அவரு கோவம் போயிடுச்சு. கல்லன்ங்கற ஊரு இங்க இருந்து பக்கத்துல கடலோரம் தான், சூப்பு பொறந்த ஊரு.

மே 10, வெள்ளி – டஃப்டவுன்

பால்வெனி டிஸ்டிலரி. இங்க இன்னும் தரைல பரப்பி பார்லி முளை கட்டறாங்க, தேவைல ஒரு பங்கு மட்டும் தான் இப்படி, மீதியை வெளில வாங்கறாங்க. ரெண்டு நாள் தண்ணில ஊற வச்ச பார்லியை பெரிய கல் தரைல முழங்கால் உயரம் கூட இல்லாம பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மரச் சுளகால... இல்ல, மர மண்வெட்டின்னு தான் சொல்லணும், அதால புரட்டிப் புரட்டி விடறாங்க, இல்லேன்னா சூடேறி வேர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். உள்ள நுழைஞ்சதும் குழந்தைக்குக் கஞ்சி மாவுக்கு முளைகட்டின கேழ்வரகை வெள்ளைத் துணில விரிச்சுப் போட்டா வீடு முழுக்க ஒரு வாசனை வருமே, அதே வாசனை. மூக்குக்குள்ள ஏறினதும் அம்மா ஞாபகம். விஞ்ஞானமும் அதே தான், முளை விடறப்ப வர நொதி மாவைச் சர்க்கரையாக்குது. சர்க்கரையாகற நேரம் பாத்து சூளைல காயப்போட்டு நிறுத்திடறாங்க.

அந்த மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சு ஒரு பக்கத் தோள் இறங்கிப் போகுமாம், அந்தக் காலத்துல ‘மங்கி ஷோல்டர்’னு அதுக்குப் பேரே இருந்திருக்கு. இன்னைக்கு அது ஒரு விஸ்கிக்கு பிராண்ட் பேரு. புரட்டிட்டிருந்தவரு நாங்க வந்ததும் வேலையை நிறுத்தி, கைல கொஞ்சம் பார்லி அள்ளிக் குடுத்து, நகத்தால நெருக்கிப் பாருங்க, சாக்பீஸ் மாதிரி எழுதினா முடிஞ்சுதுன்னு அர்த்தம்னாரு. சுவத்துல எழுதிக் காட்டினாரு. டீச்சருக்குச் சொல்லணுமா, நானும் ஒரு கோடு போட்டேன்.

சூளைக்கு மேல கோபுரம் மாதிரி கூரை, ஸ்காட்லாந்து டிஸ்டிலரி படத்துல எல்லாம் வருமே, அது எல்ஜின் ஊர் ஆர்க்கிடெக்ட் சார்லஸ் டோய்க் 1889ல டைலுவேன்ல முதல்ல வச்சது. அழகுக்கு இல்ல, புகை நல்லா இழுக்கணும்னு.

ஸ்டில் ஹவுஸ்குள்ள போறதுக்கு முன்னாடி போனை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க, ஆல்கஹால் ஆவி. நல்ல வெக்கை. வெளிய 7 டிகிரில நடுங்கிட்டு வந்தவங்களுக்கு சுகமா இருந்துச்சு. செம்பு பளபளன்னு, கழுத்து உயரமா. ஊறல் சுமார் 8 சதவீதம் ஆல்கஹால், முதல் காய்ச்சல்ல 20க்கு மேல, ரெண்டாவதுல 70 கிட்ட. செம்பு தேஞ்சுக்கிட்டே வரும், இருபது முப்பது வருஷத்துல புதுசு போடணும், புதுசை பழசோட அதே வடிவத்துல அடிக்கறாங்க. இதுக்குன்னே இங்க சொந்தமா கன்னார் வேலை தெரிஞ்ச ஆளு இருக்காரு, எனக்கு அது பெரிய மரியாதையா பட்டுது.

அப்புறம் ஸ்பிரிட் சேஃப். இதைப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்னு அப்ப தோணுச்சு. பித்தளைச் சட்டம், தடிக் கண்ணாடி, மேல பூட்டு. ஸ்டில்லுல இருந்து வர சாராயம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள தான் விழுது. அந்தக் காலத்துல சாவி கலால் அதிகாரி கிட்ட தான் இருந்துச்சு. காய்ச்சறவரு தன் கையால காய்ச்சினதை மோந்து பாக்கக் கூட முடியாம இருந்துச்சு! வெளிய இருக்கற கைப்பிடியைத் திருப்பி உள்ள குழாயை நகத்தணும், உள்ள மிதக்கற, அடர்த்தி காட்டற ஹைட்ரோமீட்டரைக் கண்ணாடி வழியா படிக்கணும், கொஞ்சம் தண்ணி கலந்து பாக்கணும். முதல்ல வரது தண்ணி பட்டதும் கலங்கும், வேண்டாம், திரும்ப காய்ச்சப் போகுது. தெளிஞ்சதும் நடுப்பகுதி, அது மட்டும் பீப்பாய்க்கு. கடைசில கனமான வாடை வரதுக்கு முன்னாடி மறுபடி குழாயைத் திருப்பணும். வெப்பம், அடர்த்தி, கலங்கல், இந்த மூணை வச்சே முடிவு. நாக்கு வேண்டாம், மூக்கு வேண்டாம். வரியை ஏமாத்திடுவாங்கன்னு பயந்து போட்ட பூட்டு, இவங்களை எவ்ளோ நுணுக்கமான வேலைக்காரங்களா ஆக்கியிருக்கு! அடுத்த வருஷம் பாடம் எடுக்கறப்ப இந்தப் பெட்டியைப் போர்டுல வரைஞ்சு தான் ஆரம்பிப்பேன்.

ராத்திரி பப்ல பக்கத்து டேபிள் பெரியவரு ஒருத்தர், டிஸ்டிலரில வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. 1983 வரைக்கும் ஒவ்வொரு டிஸ்டிலரிலயும் ஒரு கலால் அதிகாரி குடியிருந்தாராம், வீடு கம்பெனி குடுக்கணும். குடோனுக்கு ரெண்டு பூட்டு, ஒரு சாவி மேனேஜர் கிட்ட, ஒண்ணு அதிகாரி கிட்ட, ரெண்டு பேரும் சேந்து வந்தா தான் கதவு திறக்கும். அப்பவும் ஆளுங்க செம்புக் குழாய்க்கு அடில காசு வச்சு ஒட்டி அடைச்சு, உள்ள விஸ்கி ஊத்தி, கார்க் போட்டு மூடி, பேன்ட்டுக்குள்ள தொங்க விட்டு எடுத்துட்டுப் போவாங்களாம், பேரு ‘காப்பர் டாக்’, எப்பவும் கூடவே வர நாய். அதிகாரிக்குத் தெரியாதான்னு கேட்டேன். “அவரும் இந்த ஊர்ல தானேம்மா குடியிருந்தாரு”ன்னு அர்த்தம் வர மாதிரி சொல்லிட்டு, எங்க பில்லையும் சேத்துக் குடுத்துட்டுப் போயிட்டாரு, வேண்டாம்னு சொல்ல விடல.

மே 11, சனி – ஃபாரஸ்

போற வழில கிளென்ஃபார்க்ளஸ் டிஸ்டிலரி. அங்க ஸ்டில்லுக்கு அடில இன்னும் நேரடி நெருப்பு, 1981ல நீராவிக்கு மாத்திப் பாத்து ருசி போச்சுன்னு உடனே நெருப்புக்கே திரும்பிட்டாங்களாம். டால்வின்னி கதையே தான்.

ஃபாரஸ் பக்கத்துல டல்லஸ் டூ. 1899ல ஓட ஆரம்பிச்சு 1983ல மூடின டிஸ்டிலரி, நாங்க போனப்ப அரசாங்க மியூசியமா இருந்துச்சு. அந்த வருஷம் விஸ்கி தேவைக்கு மேல தேங்கிப் போனதால போர்ட் எல்லன், ப்ரோரான்னு வரிசையா மூடினாங்க, அதுல இதுவும். யாரும் கூட வரல, கைல ஒரு ஆடியோ கருவி, இஷ்டம் போல சுத்தினோம். காலைல இருந்து நல்ல மழை, எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தம்பதி தான். ஓடற டிஸ்டிலரில கிட்டப் போக விடாத எல்லாத்தையும் இங்க தொட்டுப் பாக்க முடிஞ்சுது. மரத்தொட்டிக்குள்ள தலையை விட்டுப் பேசினா குரல் திரும்பி வருது, ஸ்டில்லுக்கு உள்ள எட்டிப் பாத்தேன், மூடிய திறந்தா செம்பு கறுத்துப் போய் கிடக்கு.

கண்ணாடி ஜன்னல் வரதுக்கு முன்னாடி ஸ்டில்லுக்குள்ள ஊறல் நுரை எவ்ளோ ஏறியிருக்குன்னு எப்படிப் பாத்தாங்கன்னு நான் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். மேல கயித்துல ஒரு மரப்பந்து தொங்கும், அதை ஆட்டி விட்டு ஸ்டில் கழுத்துல மோத விடுவாங்க, சத்தம் கணீர்னு வந்தா உள்ள காலி, மந்தமா வந்தா நுரை அதுவரைக்கும் வந்துடுச்சு, நெருப்பைக் குறைக்கணும். நுரை அடங்க சோப்புத் துண்டு போடறதும் உண்டு. அண்ணன் விரல் மடக்கி ஸ்டில்ல தட்டினாரு, நானும் தட்டினேன், ஜெர்மன்காரரு வந்து அவரும் தட்டினாரு, பாஷை தெரியாம மூணு பேரும் மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டு நின்னோம், அவரு சம்சாரம் போட்டோ எடுத்தாங்க.

மே 12, ஞாயிறு – அபர்டீன்

வீட்டுக்கு வந்து சேந்தாச்சு. அண்ணி மீன் குழம்பு வச்சிருந்தாங்க, ஹாடக் மீனு தான், புளி கரைச்சு ஊத்தினா அது நல்லா எடுத்துக்குது. அண்ணன் சேத்து வச்ச டிரைவர் பாட்டிலை எல்லாம் டேபிள்ல வரிசையா வச்சு, பேரைப் பாக்காம டால்வின்னியைக் கண்டுபிடிக்கறேன்னு உக்காந்தாரு, ரெண்டாவதுலயே பிடிச்சுட்டாரு, கனமா தேன் மாதிரி தொண்டைல நிக்குதும்மான்னாரு. சுருளால தான்னு நான் சொன்னேன், இருக்கும்னாரு. கார்ல வரப்ப இன்னொரு விஷயம் பேசிட்டு வந்தோம்: நிறுத்தாம ஓடிக்கிட்டே இருக்கற உயர ஸ்டில்லை 1830ல பேட்டன்ட் எடுத்தது ஈனியஸ் காஃபி, அயர்லாந்துல கலால் துறைல பெரிய அதிகாரியா இருந்தவரு. இன்னைக்கு உலகம் முழுக்க விக்கற கலப்பு ஸ்காட்ச் விஸ்கில பெரும்பங்கு அந்த மாதிரி மெஷின் வழிதான் வருது. ஊர் ஊரா ஸ்டில்லைப் பிடிச்சு உடைச்ச துறைல இருந்து தான் அதுவும்.

போறவங்களுக்கு: முளை கட்டற தரையைப் பாக்கணும்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க, ஒரு குரூப்புக்குக் கொஞ்ச பேரைத் தான் விடறாங்க. ஜூலை ஆகஸ்ட்ல நிறைய இடத்துல ஸ்டில்லை நிறுத்திட்டு மெயின்டனன்ஸ் பண்ணுவாங்க, அப்ப போனா வெறும் செம்பு தான் தெரியும். மழைக்கோட்டு கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, குடை அந்தக் காத்துக்கு நிக்காது. கார் இல்லாதவங்க ரயில்ல கீத், எல்ஜின், ஃபாரஸ் மூணு ஊர்லயும் இறங்கலாம். குடிக்காதவங்களும் தாராளமா போகலாம், எங்கயும் யாரும் என்னை ஒரு மாதிரி பாக்கல, கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்றாங்க.